ஓபேத் வைத்த பொந்து

ஓபேத் லாங்லிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒஹையோவில் பிறந்தவன், முப்பத்தொரு வயதுக்குள் பதினோரு இடங்களில் குடியிருந்துவிட்டான். படகில் சுமை தூக்கினான், உப்புக் காய்ச்சினான், செங்கல் அறுத்தான், கடைசியாக வடக்கு மிசௌரியில் ரயில் பாதை போடுகிற கூட்டத்தோடு மண் வெட்டினான். எதிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை.

"உன் காலுக்கு அடியில எறும்புப் புத்து இருக்குடா" என்பாள் அக்கா தபிதா. அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துடைப்பம் கட்டி விற்றுக்கொண்டு, அவன் போன பதினோரு இடங்களுக்கும் பின்னாலேயே போனாள்.

அப்படிப்பட்டவனை இரண்டு வருஷம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது, ரயில் என்ஜின் எரிக்க அடுக்கி வைக்கும் விறகு அட்டி.

பிளம் கிரீக்கை ஊர் என்று சொல்ல முடியாது. மிசிசிப்பி ஆற்றிலிருந்து மிசௌரி ஆற்றுக்குப் போகிற பாதையில், என்ஜின் நின்று விறகு ஏற்றிக்கொள்ளும் இடம். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் அறை மட்டும் உள்ள வீடு, கோவேறு கழுதைக்கு ஒரு லாயம், பாதை ஓரமாக எட்டு விறகு அட்டிகள். ஒவ்வோர் அட்டியும் நாற்பதடி நீளம், நாலடி உயரம். நாலடிக் கட்டைகளை இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு ஒட்டி அடுக்குவதால் அகலம் எட்டடி. கிழக்குக் கோடியில் இருப்பது காய்ந்த விறகு, அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மேற்குக் கோடியில் இருக்கும் எட்டாவது அட்டி பச்சை விறகு. அதன் முறை வர ஏழெட்டு மாதம் ஆகும்.

ரயில் கம்பெனிக்காக அட்டியை அளந்து கூலி கணக்கிட மாதம் ஒருமுறை அளவுகாரர் புரூவிட் வருவார். அறுபது வயது, கெண்டக்கிக்காரர், குள்ளமான மனிதர். கையில் அளவுகோலும் ஐந்தடி இரும்புக் குத்தூசியும் இருக்கும். குத்தூசிக்குக் காரணம் இருந்தது. விறகுக்காரர்கள் பலர் அரையடித் துண்டுகளை முகப்பில் செருகிவிட்டு, பின்னால் பொந்து விட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் முழுக் கட்டையின் முனை மாதிரியே தெரியும். உள்ளே காற்றுதான் இருக்கும். புரூவிட் முப்பது இடத்தில் குத்திப் பார்ப்பார்.

ஓபேத்தின் அட்டியில் குத்தூசி நாலு விரற்கடைக்கு மேல் போகவில்லை. பட்டை மேலே பார்க்க, பெருத்த முனையும் சிறுத்த முனையும் மாற்றி மாற்றி வைத்து, இடுக்குகளில் பிளந்த சில்லுகளை அறைந்து அடுக்கியிருந்தான். மூன்று மாதம் குத்திப் பார்த்துவிட்டு நாலாம் மாதம் புரூவிட் குத்தூசியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு மற்ற நிலையத்து ஆட்களையும் கூட்டிவந்து காட்டுவார். "பாத்துக்கோங்கப்பா. இதுக்குப் பேருதான் அட்டி" என்பார். அந்தப் பாதை முழுவதும் தேடினாலும் அப்படி அடுக்க இன்னொரு கை கிடையாது. இது மிகைப்படுத்தல் இல்லை.

அது 1859, ஏப்ரல் மாதம். மேற்கே கான்சாஸில் அடிமைகள் இருக்கலாமா கூடாதா என்று ஐந்து வருஷமாக ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கிருந்து ஒரு கூட்டம் எல்லை தாண்டி, அடிமை முறை இருந்த மிசௌரிக்குள் வந்து, பண்ணைகளிலிருந்து அடிமைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அதிலிருந்து எல்லையோரப் பண்ணைக்காரர்களுக்குப் பயம். தங்களிடம் இருந்தவர்களை அவசர அவசரமாக டெக்சாஸுக்கு விற்றுத் தள்ளினார்கள். ஓடிப்போன அடிமைகளைத் தேடும் ரோந்துக் குதிரைகள் பகலிலும் திரிந்தன. வடக்கிலிருந்து வந்து குடியேறியவன் வீட்டைச் சோதனை போட யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, பனிமூட்டத்தில் ஓபேத் எட்டாவது அட்டியின் பின்பக்கம் போனான். ஓடை பார்த்த பக்கம் அது. அங்கே ஒரு பெண் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பாவாடை முழங்கால்வரை சேறு.

"யாரது?"

"சத்தம் போடாதீங்க ஐயா. நான் ஹல்டா. பாதை போட்டப்போ ரெண்டாம் நம்பர் கேம்ப்ல சமைச்சேனே, பண்ணையிலேர்ந்து வாடகைக்கு அனுப்பியிருந்தாங்களே, அந்த ஹல்டா."

ஓபேத்துக்கு நினைவு வந்தது. "என்னை எப்படி ஞாபகம் வச்சிருக்கே?"

"நூத்தி இருபது பேரு சாப்பிட்ட இடம். என்கிட்ட வம்பு பேசாம, சாப்பிட மட்டும் வாயைத் திறந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். இங்க விறகு அடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் வந்தேன்."

சணல் பண்ணையிலிருந்து ஐந்து நாளாக நடந்து வந்திருந்தாள். போன சனிக்கிழமை டெக்சாஸ் போகவிருந்த கூட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டார்களாம். வடக்கே நாற்பது மைலில் அயோவா. அங்கே அடிமை கிடையாது. அந்த நாற்பது மைலும் வெட்டவெளிப் புல்காடு. நடந்தால் இரண்டு மைலுக்குள் யாராவது பார்த்துவிடுவார்கள்.

தபிதா வாளியோடு வந்தாள். பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமைதான் நான் துடைப்பம் ஏத்திக்கிட்டு அயோவா பக்கம் போவேன். வண்டிச் சக்கரம் கொல்லன்கிட்ட கிடக்கு, நாளைக்குச் சாயங்காலம்தான் குடுப்பான். ரெண்டு நாளு உன்னை எங்கேயாவது வைக்கணும். எந்திரி, வீட்டுக்குள்ள வா."

"வேண்டாம்மா. மொதல்ல வீட்டைத்தான் தேடுவாங்க. அப்புறம் லாயம்." ஹல்டா தலையைத் திருப்பி அட்டியைப் பார்த்தாள். "கேம்ப்ல விறகு வெட்டறவனுங்க மேஸ்திரிக்குத் தெரியாம சாராயத்தை எங்க வைப்பானுங்க தெரியுமா? அட்டிக்குள்ள பொந்து விட்டு."

ஓபேத்தின் முகம் மாறியது. "என் அட்டியில பொந்தா?"

"ஏன் ஐயா, அது என்ன சர்ச்சுச் சுவரா?"

தபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"அக்கா, பொந்து வைக்கிறவன் திருடன். புரூவிட் ஐயா கண்ணுல பட்டா..."

"அவரு உன் அட்டியில குத்திப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு?"

"இருபத்தொண்ணு."

"அப்போ அதைவிட நல்ல பூட்டு இந்த நாட்டுல எங்கடா கிடைக்கும்? பிரி கட்டையை."

பனி விலகுவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. ஓபேத் எட்டாவது அட்டியின் பின்வரிசையில், மேற்கு முனையிலிருந்து பதினோரு அடி தள்ளி, கட்டைகளை உருவினான். ஐந்தரை அடி நீளம், மூன்றரை அடி அகலம், மூன்றடி உயரத்துக்கு இடம் விட்டான். மேல்பாரம் இறங்காமல் இருக்க மூன்று ஓக் விட்டங்களைக் குறுக்கே போட்டான். தபிதா ரம்பத்தை எடுத்து முப்பத்துநாலு கட்டைகளின் முனைகளை அரையடி அரையடியாக அறுத்துக் கொடுத்தாள். ஹல்டா ஒரு பழைய போர்வையோடு உள்ளே நுழைந்ததும், அந்தத் துண்டுகளை முகப்பில் வரிசையாகச் செருகினான். வழக்கம்போல இடுக்குகளில் சில்லு அறையப் போனான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஐயா, அட்டி ரொம்ப நல்லாத்தான் இருக்கு. மூச்சு விடத்தான் இடமில்ல."

நாலு இடத்தில் விரல் அகலத்துக்கு இடுக்கு விட்டான். அதை விடுவதற்கு அவன் பட்ட பாடு தபிதாவுக்குத் தெரியும். தள்ளி நின்று பார்ப்பான், திரும்ப வருவான், ஒரு சில்லைக் கையில் எடுப்பான், கீழே போடுவான்.

மத்தியானம் ரோந்து வந்தது. கேப்டன் லாட்டிமரும் மூன்று ஆட்களும். லாட்டிமர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. புகையிலைத் தோட்டக்காரர். குதிரை ஏறியதும் கேப்டன் ஆகிவிட்டார்.

"லாங்லி, வாத்து விஷயத்துல நீ எந்தப் பக்கம்?"

அந்தப் பக்கத்தில் அது எல்லோரும் கேட்கிற கேள்விதான். வாத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடிமை முறைக்கு நீ ஆதரவா எதிர்ப்பா என்பதை அப்படிக் கேட்பார்கள்.

"எங்க வீட்டுல கோழிதான் கேப்டன். அதுவே முட்டை போட மாட்டேங்குது."

ஆட்கள் சிரித்தார்கள். ஆனாலும் வீட்டைப் புரட்டினார்கள். படுக்கையைக் கத்தியால் கிழித்தார்கள். துடைப்பக் கட்டுகளை உதறினார்கள். லாயத்து வைக்கோலைக் கவையால் குத்தினார்கள். ஹல்டா சொன்ன வரிசையிலேயே நடந்தது. பிறகு ஓர் ஆள் எட்டாவது அட்டிக்குப் பின்னால் போய், அறுத்துச் செருகிய முனை ஒன்றில் தன் பூட்ஸ் சேற்றைச் சுரண்டினான்.

ஓபேத்தால் நிற்க முடியவில்லை. கோடாரியை எடுத்து விறகு பிளக்க ஆரம்பித்தான். ஒன்று முடிந்ததும் ஒன்று, ஒன்று முடிந்ததும் ஒன்று, மூச்சுவிடாமல்.

"இவன் என்ன, எப்பவும் இப்படித்தானா?" என்று லாட்டிமர் கேட்டார்.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்" என்று தபிதா அவருக்குக் காபி ஊற்றினாள். "ஞானஸ்நானத் தொட்டியிலேர்ந்தே எகிறிக் குதிச்சவன்."

காபி குடித்துவிட்டுப் போனார்கள். லாட்டிமர் மட்டும் குதிரையைத் திருப்பி, "மறுபடியும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை நகரவே இல்லை. ஓபேத் அட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். சோளரொட்டியும் பன்றிக்கறியும் கொடுக்க ஒரு துண்டை உருவியபோது ஹல்டா கேட்டாள்.

"இங்கயும் அங்கயும் நடக்கறது நீங்கதானா ஐயா?"

"ஆமா."

"கொஞ்சம் நிறுத்துங்க. ஒவ்வொரு தடவையும் அவனுங்கதான் வந்துட்டானுங்கன்னு நெஞ்சு நின்னு போகுது."

சரி என்றான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நடந்தான்.

வியாழன் காலை ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் வந்ததும் தபிதா வண்டியைப் பூட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு துடைப்பங்கள். அடியில் ஹல்டா, மேலே கூரை மாதிரி துடைப்பங்கள். போர்வையையும் அவளோடு அனுப்பிவிட்டான் ஓபேத். பொந்துக்குள் ரொட்டித் துணுக்கு ஒன்று விடாமல் பெருக்கி எடுத்து, முப்பத்துநாலு துண்டுகளையும் திரும்பச் செருகினான்.

தபிதா வண்டியில் உட்கார்ந்தபடி சொன்னாள். "இங்க பாரு. அது அப்படியே இருக்கட்டும். நான் திரும்பி வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதே. புரியுதா?"

"புரியுது."

"கை வைப்பேடா நீ. மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"வைக்க மாட்டேன், போ அக்கா."

எட்டு இருபதுவரை தாக்குப் பிடித்தான். காபி போட்டான், குடிக்கவில்லை. கழுதை இல்லாத லாயத்தைக் கூட்டினான். திரும்பத் திரும்பக் கண் எட்டாவது அட்டிக்கே போயிற்று. உள்ளே ஆள் இருந்தவரை அது மறைவிடம். ஆள் போய்விட்டால் அது வெறும் பொந்து, கண்ட விறகுக்காரன் வைக்கிற பொந்து, தன் அட்டியில். போதாததற்கு நடு விட்டம் அரை விரற்கடை தொய்ந்திருந்தது. பதினோரு மணிக்கு முன்னால் ரயில் வண்டி கிடையாது. இரண்டு மணி நேரம் போதும், முழுக் கட்டைகளால் நிரப்பிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் துண்டை உருவினான்.

ஒன்பது நாற்பதுக்குக் கிழக்கே ஊதல் கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் வந்திருக்க வேண்டிய வண்டி, எங்கோ பாலத்தில் வெள்ளம் என்று ராத்திரி முழுக்க நின்றுவிட்டு இப்போது வருகிறது. ஓபேத் ஆறு கட்டைகள்தான் உள்ளே வைத்திருந்தான். முப்பத்துநாலு துண்டுகளும் புல்லில் குவியலாகக் கிடந்தன. அவற்றைத் திரும்பச் செருக முக்கால் மணி நேரமாவது வேண்டும்.

வண்டி நின்றது. பயணிகள் காலாற இறங்கினார்கள். ஓடையோரம் காட்டுப் பிளம் பூத்திருந்ததால் பத்துப் பன்னிரண்டு பேர் நேராக அந்தப் பக்கமே வந்தார்கள். அவர்களோடு அளவுகோலைத் தூக்கிக்கொண்டு புரூவிட்டும் வந்தார். எப்போது வந்தாலும் புது அட்டியைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

அவர் பொந்தைப் பார்த்தார். துண்டுக் குவியலைப் பார்த்தார். ஓபேத்தின் கையில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"ஓபேத்து... என்னப்பா இது?"

அதற்குள் ஓடையின் ஆழமில்லாத பக்கத்திலிருந்து குதிரைகள் ஏறி வந்தன. லாட்டிமர், பின்னால் அதே மூன்று ஆட்கள். வண்டி நின்றால் அதையும் சோதனை போடுவது அவர்கள் வழக்கம். லாட்டிமர் குதிரையிலிருந்தே குனிந்து பொந்துக்குள் பார்த்தார்.

"ஓர் ஆளு தாராளமா படுக்கலாம் போலிருக்கே."

"கேப்டன், கொஞ்சம் பொறுங்க" என்றார் புரூவிட். "இந்தப் பையனை எனக்குத் தெரியும். அட்டியில மோசம் பண்ற ஆளு இல்ல இவன். நான் சத்தியம் பண்ணுவேன். இதுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கும்."

"நானும் அதைத்தான் நெனைக்கிறேன். வேற காரணம்." லாட்டிமர் சுற்றிலும் பார்த்தார். லாயம் திறந்து கிடந்தது. "உன் அக்கா எங்கே லாங்லி?"

"துடைப்பம் விக்கப் போயிருக்கா."

"எந்தப் பக்கம்?"

ஓபேத்தின் மனதில் கணக்கு ஓடியது. சுமை வண்டியோடு கழுதை மணிக்கு இரண்டரை மைல். நாலே கால் மணி நேரம் ஆகிவிட்டது. பத்தரை மைல் போயிருப்பாள். இந்தக் குதிரைகளுக்கு அது ஒன்றரை மணி நேரம். புரூவிட் அவனுக்காகப் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் லாட்டிமரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தது. ஓபேத் யோக்கியன் என்று இவர்கள் நம்புகிற வரைக்கும் ஹல்டா பிழைக்க மாட்டாள்.

கையில் இருந்த துண்டைக் குவியலில் எறிந்தான்.

"வேற காரணம் ஒண்ணும் கிடையாது. பொந்து எதுக்கு வைப்பாங்க? விறகைக் குறைச்சு அளவைக் கூட்டத்தான்."

"ஓபேத்து!" என்றார் புரூவிட்.

"சும்மா ஓபேத்து ஓபேத்துன்னா? ரெண்டு வருஷமா வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாம் எரிஞ்சு புகையாப் போச்சு."

"நான் ஒரு தடவைகூட உன் அட்டியில குத்திப் பாக்கலையேடா, மூணு மாசத்துக்கு அப்புறம்..."

"அதுதானே எனக்கு வசதியாப் போச்சு."

யாரோ ஒரு பயணி களுக்கென்று சிரித்தான். புரூவிட் சிரித்தவனைப் பார்க்கவில்லை. ஓபேத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, காதுவரை ஏறியது.

லாட்டிமர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "இன்னொண்ணைப் பிரி, பாப்போம்."

புரூவிட்டே வண்டிக்குப் போய்க் குத்தூசியைக் கொண்டுவந்தார். ஏழாவது அட்டியில் முழு பலத்தோடு குத்தினார். கம்பி ணங்கென்று நின்றது. பக்கத்தில் குத்தினார், நின்றது. ஆறாவது அட்டிக்குப் போனார், அங்கேயும் அப்படித்தான்.

"இதெல்லாம் கெட்டியா இருக்கே" என்றார் லாட்டிமர் மெதுவாக. அவருடைய ஆள் ஒருவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

ஓபேத் சிரித்துக் காட்டினான். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு அவன் வருத்தப்பட்டதுண்டு. "ஏன் கேப்டன், நான் என்ன முட்டாளா? அதெல்லாம் இப்போ எடுக்கற விறகு. என்ஜின்காரன் கை வச்சா உள்ள விழுந்துட மாட்டான்? ஐயா பச்சை அட்டியை அளந்துட்டுப் போனதும், சாவகாசமா கோடியில இருக்கற முழுக் கட்டையை எடுத்துப் பொந்தை நிரப்பிடுவேன், நீளம்தான் கொஞ்சம் குறையும். துண்டெல்லாம் முதல் வண்டியிலயே அடுப்புக்குள்ள போயிடும். அளந்தது அளந்ததுதானே?"

"அப்போ இன்னிக்கு ஏன் பிரிச்சே?"

"விட்டம் தொஞ்சுபோச்சு, பாருங்க. இவரு வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன். பாழாப்போன வண்டி முன்னாடியே வந்துடுச்சு."

லாட்டிமர் குனிந்து விட்டத்தைப் பார்த்தார். தொய்ந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ஒஹையோக்காரன்டா இவன்! காத்தையே அளந்து வித்திருக்கான்! புரூவிட், உங்களுக்கு வயசாயிடுச்சு."

என்ஜின் டிரைவர் விறகுப் பெட்டி மேல் நின்று கத்தினார். "ஏய் பொந்து ஓபேத்! எனக்கு ஏத்தறதாவது விறகா, இல்ல அதுவும் காத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். லாட்டிமர் ஆட்களோடு வண்டிப் பெட்டிகளுக்குள் ஏறித் தேடிவிட்டு, பாதையோரமாக மேற்கே போனார். வடக்கே யாரும் திரும்பவில்லை.

புரூவிட் தன் புத்தகத்தில் ஓபேத்தின் பெயரை அடித்தார். ஒரு கோடு போதும். அவர் மூன்று போட்டார். "சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு" என்றார். வண்டி ஏறும்போது படியில் கால் தடுக்கி, ஒரு பயணி கை கொடுக்க வேண்டியிருந்தது.

தபிதா சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தாள். மூட்டைகள் கட்டி வாசலில் இருந்தன. நடந்ததைக் கேட்டதும் வண்டியில் கிடந்த துடைப்பம் ஒன்றை எடுத்து அவன் முதுகில் நாலு போட்டாள்.

"கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையாடா?"

"சொன்னே."

"அவ நேத்துக் காலையில எட்டு மணிக்கே எல்லையைத் தாண்டிட்டா. அங்க ஒரு மாவு மில்லுக்காரர் வீட்டுல விட்டுட்டு வந்தேன். பத்திரமா இருக்கா." துடைப்பத்தைக் கீழே போட்டாள். "வர்ற வழியில ஓர் ஊர்ல ரெண்டு பேரு என்னை நிறுத்தி, பொந்து ஓபேத்தோட அக்காதானேன்னு கேட்டானுங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமா, திருட்டுப்பயன்னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அந்தப் பெயர் அவர்களுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பாதையில் இருந்த விறகு நிலையங்கள் பதினாலு. ஓபேத்தை மரம் வெட்டச் சேர்த்துக்கொண்டார்கள், அட்டியில் கை வைக்க விடவில்லை. கான்சாஸில் பாலம் கட்டப் போனான், நெப்ராஸ்காவில் கல் உடைத்தான். எங்கே போனாலும் ஆறு மாதத்தில் யாராவது ஒரு ரயில்காரன் வந்து, "அட, பொந்து!" என்பான். உண்மையைச் சொல்ல வழி இல்லை. தப்பி ஓடும் அடிமைக்கு உதவினால் மிசௌரியில் சிறைத்தண்டனை. அந்த மாவு மில்லுக்காரர் வீட்டுக்கு அதற்குப் பிறகும் தப்பி ஓடிய ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தபிதா பல முறை வாயைத் திறந்தாள், பல முறை மூடினாள்.

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்து ஓய்ந்தது. மிசௌரியில் அடிமை முறை ஒழிந்தது. 1866 ஜூன் மாதம் ஓபேத் புரூவிட்டைத் தேடிக்கொண்டு போனான். தபிதாவும் கூடவே போனாள். மிசிசிப்பிக் கரையில் ஒரு ஸ்டேஷனில், சரக்கு எடை போடுகிற அறையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். முழங்கால் இரண்டும் மடங்காமல் கிழவராகியிருந்தார். ஓபேத் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பனிமூட்டம், அறுத்த முப்பத்துநாலு முனைகள், துடைப்ப வண்டி, ஒன்றையும் விடவில்லை.

புரூவிட் கையிலிருந்த எடைச் சீட்டை மேசையில் வைத்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதுதான் ஐயா."

"எல்லாமேவா?"

ஓபேத் யோசித்தான். "ஒண்ணைத் தவிர. நீங்க குத்திப் பாக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் அவளை அங்க வச்சோம். அது பொய்யில்ல."

கிழவர் தலையை ஆட்டினார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் லாட்டிமர்கிட்ட சொல்லியிருப்பேன். அப்போ நான் அப்படித்தான். அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்போ நீ செஞ்சது சரிதான்." அவர் தராசுத் தட்டில் கையை வைத்து அழுத்தினார், எடுத்தார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. உனக்கு அப்புறம் நான் ஒருத்தன் அட்டியையும் நம்பல. இடம் இடமாக் குத்தினேன். அடுக்கினதைப் பிரிக்கச் சொன்னேன். நாலு பேரு நல்ல வேலைக்காரனுங்க. அவமானம் தாங்காம வேலையை விட்டுட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தன்கிட்டயும் ஒரு பொந்தும் இல்ல. அவனுங்களுக்கு யாரு பதில் சொல்றது? நானா, நீயா?"

அறைக்கு வெளியே தபிதா காத்திருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஏழு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை, செஞ்சது சரிதான் என்ற வார்த்தை, வந்துவிட்டது. ஓபேத் கையைக் கொடுத்துவிட்டு வெளியே வருவான் என்று பார்த்தாள். அவன் வரவில்லை.

"அவங்க பேரைச் சொல்லுங்க ஐயா" என்பது கேட்டது.

"எதுக்கு?"

"எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க."

புரூவிட் சொல்லச் சொல்ல, எடைச் சீட்டின் பின்பக்கத்தில் ஓபேத் நாலு பெயர்களையும் எழுதிக்கொண்டான். ஒருவன் ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாயில் செங்கல் சூளையில் இருப்பதாகக் கேள்வி. ஒருவன் சண்டைக்குப் போனவன், திரும்பினானா என்று தெரியாது. மற்ற இருவரைப் பற்றி ஊர்ப் பெயர் மட்டும்தான் கிடைத்தது.

"டேய், நீ தனியாப் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவே?" என்று தபிதா கேட்டாள்.

"நான்தான் பொந்து ஓபேத்துன்னு சொல்லுவேன். அப்புறம் மத்ததைச் சொல்லுவேன்."

மூன்று மணிக்கு ஆற்றைக் கடக்கும் படகு இருந்தது. தபிதா தன் மூட்டையையும் தூக்கிக்கொண்டாள். இருவரும் அதில் ஏறினார்கள்.